ஜீயஸா, ராவா: யார் கை ஓங்கும்?

கூழாங்கல்:
அக்கா பையன் எட்டாம் வகுப்பு. போனில் ஒரு சண்டை விளையாட்டு வைத்திருக்கிறான். பல நாட்டுத் தெய்வங்களைக் களத்தில் இறக்கி மோதவிடும் விளையாட்டு. நேற்று ராத்திரி கிரேக்க இடித் தெய்வம் ஜீயஸும் எகிப்தின் சூரியத் தெய்வம் ராவும் மோதினார்கள். மூன்றே இடியில் ரா காலி. பையன் திரும்பிப் பார்த்து, "மாமா, சூரியன் மேல இடி விழுந்தா சூரியன் அணைஞ்சிடுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. விளையாட்டை விடுங்கள். பழைய கதைகளில் உள்ளபடி பார்த்தால் இவர்கள் இரண்டு பேரில் யார் பெரியவர்? இரண்டு பக்கமும் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

இடிமுழக்கம்:
என் பெயரைப் பார்த்ததுமே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். இதில் பேச என்ன இருக்கிறது? ஹோமர் பாடிய இலியட் காவியத்தில் எட்டாம் காண்டத்தை எடுங்கள். ஜீயஸ் எல்லாத் தெய்வங்களையும் கூட்டி வைத்து ஒரு சவால் விடுகிறார். வானத்திலிருந்து ஒரு பொன் வடத்தைத் தொங்கவிடுங்கள். ஆண் தெய்வம், பெண் தெய்வம் அத்தனை பேரும் பிடித்து இழுங்கள். என்னை ஓர் அங்குலம் கீழே இறக்க முடியாது. ஆனால் நான் இழுத்தால் உங்களோடு நிலமும் கடலும் சேர்ந்து மேலே வரும். வடத்தை ஒலிம்பஸ் உச்சியில் கட்டிவிட்டு அத்தனையையும் அந்தரத்தில் தொங்கவிடுவேன். இதுதான் பேச்சு. கேட்ட கூட்டம் வாயடைத்து நின்றது என்று ஹோமர் சொல்கிறார்.

இந்தப் பக்கம் ரா. கிழவராகி, வாயில் எச்சில் ஒழுக நடந்த தெய்வம். அந்த விளையாட்டைச் செய்தவன் விவரம் தெரிந்தவன்தான்.

நைல்கரை:
தம்பி இடிமுழக்கம், எச்சில் வரைக்கும் சொல்லிவிட்டு அப்புறம் நடந்ததை விழுங்கிவிட்டீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

ராவுக்கு வயதாகிவிட்டது, உண்மை. வாய் ஒழுகி எச்சில் மண்ணில் விழுகிறது. மந்திரம் தெரிந்த பெண் தெய்வம் ஐசிஸ் அந்த ஈர மண்ணை எடுத்துக் கையால் பிசைந்து ஒரு பாம்பு செய்கிறாள். அவர் வழக்கமாக வரும் பாதையில் அதைப் போட்டுவிட்டுப் போகிறாள். கடித்துவிடுகிறது. தாடை நடுங்குகிறது, கை கால் உதறுகிறது. என்ன கடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. என் கண் பார்த்ததும் இல்லை, என் கை செய்ததும் இல்லை என்று புலம்புகிறார். ஐசிஸ் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து நின்று, உம் உண்மைப் பெயரைச் சொல்லும், விஷத்தை இறக்குகிறேன் என்கிறாள். ரா சுற்றி வளைக்கிறார். வானத்தைச் செய்தவன், மலையை அடுக்கியவன், காலையில் கெப்ரி, உச்சியில் ரா, மாலையில் ஆதும் என்று பட்டங்களாக அடுக்குகிறார். விஷம் இறங்கவில்லை. கடைசியில் வழியில்லாமல் நிஜப் பெயரை அவளுக்குக் கொடுக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, ராவை வீழ்த்த ராவின் உடம்பிலிருந்தே ஒரு துளி எடுக்க வேண்டியிருந்தது. வேறு எதுவும் அவர் மேல் செல்லாது. அந்தப் பெயர் என்ன என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது, கதையை எழுதியவரும் சொல்லவில்லை. இந்தக் கதை எழுதிய பாப்பிரஸ் ஏடு இப்போது இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சும்மா பொழுதுபோக எழுதியதும் இல்லை. அது விஷக்கடி மந்திரம். கடைசியில் செய்முறை போட்டிருக்கிறது, பீரிலோ மதுவிலோ கலந்து கடிபட்டவனுக்குக் குடிக்கக் கொடு என்று.

மூன்றாம்மாடி:
ஆக, ராவைக் கவிழ்த்தது சொந்தக் கொள்ளுப்பேத்தி. ரா, ஷூ, கெப், ஐசிஸ். நாலாம் தலைமுறையில் சொத்தை எழுதி வாங்கிவிட்டார்கள்.

இடிமுழக்கம்:
நைல்கரை அக்கா, எப்படிச் சொன்னாலும் தோல்வி தோல்விதானே? ஜீயஸ் யாரிடம் தோற்றார்? பெற்ற பிள்ளைகளையெல்லாம் விழுங்கின அப்பா குரோனஸைக் கவிழ்த்தார். முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களோடு பத்து வருஷப் போர், அதிலும் வெற்றி. அப்புறம் நூறு பாம்புத் தலையோடு டைஃபோன் வந்தான், அவனையும் இடியால் அடித்துப் பாதாளத்தில் தள்ளினார். பொசைடன், ஹேடிஸ் இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள், அவர்களும் இவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். எதிரி என்று ஒருவன் மிச்சம் இல்லை. ராவுக்கு அந்த அபோபிஸ் பாம்போடு தினமும் ராத்திரி சண்டை. தினமும் வெட்டுகிறார், மறுநாள் அது திரும்ப வருகிறது. ஒரு பாம்பை ஒழுங்காகக் கொல்லத் தெரியாதவரை எப்படிச் சர்வ வல்லவர் என்பது?

நைல்கரை:
ஜீயஸ் யாரிடம் தோற்றார் என்றா கேட்கிறீர்கள்? உங்கள் டைஃபோனிடமே. அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பைப் பாருங்கள். டைஃபோன் ஜீயஸைச் சுற்றி வளைத்து, அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி, கை கால் நரம்புகளை அறுத்து எடுத்துவிடுகிறான். அறுத்த நரம்பைக் கரடித்தோலில் சுருட்டி சிலிசியாவில் ஒரு குகையில் ஒளித்து வைக்கிறான். தேவாதிதேவர் அதே குகையில் துவண்டு கிடக்கிறார். ஹெர்மிஸ், ஈகிபான் என்ற இரண்டு தெய்வங்கள் போய் நரம்பைத் திருடிக்கொண்டு வந்து திரும்பப் பொருத்துகிறார்கள். அதற்கப்புறம்தான் உங்கள் வெற்றி எல்லாம்.

இன்னொன்று. இலியட் முதல் காண்டத்திலேயே இருக்கிறது. மனைவி ஹேரா, தம்பி முறை பொசைடன், மகள் அதீனா மூன்று பேரும் சேர்ந்து ஜீயஸைக் கட்டிப்போடப் பார்த்திருக்கிறார்கள். கடல் தெய்வம் தெட்டிஸ் ஓடிப்போய் நூறு கையுள்ள பிரியாரியூஸைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். அவனைப் பார்த்துப் பயந்துதான் மூவரும் பின்வாங்கினார்கள். எட்டாம் காண்டத்தில் பொன் வடம் என்று மார்தட்டுகிறவருக்கு முதல் காண்டத்தில் அடியாள் தேவைப்பட்டிருக்கிறது.

அபோபிஸ் பற்றி அப்புறம் வருகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

உப்புக்கல்:
இரண்டு பேரும் ஒரு தப்பைச் சரிசமமாகச் செய்கிறீர்கள். டைஃபோன் சண்டையில் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் ஜீயஸுக்கு ஒரு கீறல்கூட விழாது. அது கி.மு. 700 வாக்கில். நரம்பு அறுந்த கதையைச் சொல்லும் அப்பல்லோடோரஸ் தொகுப்பு அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. எகிப்து இன்னும் மோசம். பிரமிடுச் சுவரில் எழுதியதற்கும் டூரின் பாப்பிரஸுக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. 'ரா இப்படி' என்றால் எந்தக் காலத்து ரா, எந்த ஊர் ரா என்று கேட்க வேண்டும். ஹீலியோபோலிஸில் உலகத்தைத் தொடங்கியவர் ஆதும். மெம்பிஸ்காரர்களைக் கேட்டால் இல்லை, எங்கள் ப்தாஹ்தான் நெஞ்சில் நினைத்து நாக்கால் சொல்லியே எல்லாவற்றையும் உண்டாக்கினார் என்பார்கள். தீப்ஸில் அமூன். ஒரே நாட்டில் மூன்று தலைமை அலுவலகம்.

டைஃபோன் பேச்சு வந்ததால் ஒன்று. அதே கதையில் ஒரு பகுதியை நீங்கள் இருவருமே சொல்லவில்லை. டைஃபோனைப் பார்த்ததும் ஒலிம்பஸ் தெய்வங்கள் ஓட்டம் பிடித்தார்கள். எங்கே ஓடினார்கள் தெரியுமா? எகிப்துக்கு. அங்கே போய் விலங்கு வேஷம் போட்டு ஒளிந்தார்கள்.

மூன்றாம்மாடி:
சட்டமன்ற உறுப்பினர்களைச் சொகுசு விடுதிக்குக் கூட்டிப் போன மாதிரி.

இடிமுழக்கம்:
ஓடினவர்கள் மற்றவர்கள். ஜீயஸ் நின்று சண்டை போட்டார். அதைச் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
அப்பல்லோடோரஸில் நின்றார். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியதில் அவரும் ஓடி ஆட்டுக்கடாவாக மாறுகிறார். ஆனால் ஓவிட் அதை ஒரு போட்டிப் பாட்டில், தெய்வங்களைக் கேலி செய்கிற ஒருத்தி வாயில் வைத்துச் சொல்கிறார், அதையும் கணக்கில் எடுங்கள். எகிப்தியத் தெய்வங்களுக்கு ஏன் ஆட்டுத் தலை, நாரைத் தலை, பூனை முகம் என்று கிரேக்கர்களுக்குப் புரியவில்லை. அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: அதெல்லாம் எங்கள் ஆட்கள்தான், மாறுவேஷத்தில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரன் சாமியை இதைவிட நாசூக்காகச் சொந்தம் கொண்டாட முடியாது.

அரைத்தூக்கம்:
எல்லோரும் ஆண் சாமிகளையே பிடித்துத் தொங்குகிறீர்கள். என் ஓட்டு எகிப்தின் சிங்க முகத் தெய்வம் செக்மெட்டுக்கு.

மனிதர்கள் கிழவர் ராவுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். அவர் தன் கண்ணைப் பெண்ணுருவில் அனுப்புகிறார். ஹாத்தோராகப் போனவள் பாலைவனத்தில் மனிதர்களை வெட்டித் தள்ளுகிறாள், ரத்தத்தில் நடக்கும்போது செக்மெட் ஆகிவிடுகிறாள். இப்போது ராவுக்கே மனது கேட்கவில்லை, போதும் என்கிறார். ஆனால் நிறுத்த முடியவில்லை! அப்போது என்ன செய்தார்கள் பாருங்கள். எலிஃபன்டைன் தீவிலிருந்து காவிக்கல் வரவழைத்து, அரைத்து, வடித்த பீரில் கலக்கினார்கள். ஏழாயிரம் ஜாடி. ராத்திரியோடு ராத்திரியாக வயலில் ஊற்றினார்கள், மூன்று உள்ளங்கை அகல ஆழத்துக்கு. விடிந்ததும் வந்தவள் அதை ரத்தம் என்று நினைத்துக் குடித்தாள், போதை ஏறி, எதிரே நின்ற மனிதர்களை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போனாள். மனித இனம் தப்பித்தது அப்படித்தான். தலைமைத் தெய்வமே ஆணையிட்டும் நிறுத்த முடியாதவளை எந்த ஜீயஸ் நிறுத்துவார்?

இடிமுழக்கம்:
ஏழாயிரம் ஜாடி பீரில் மட்டையாகிற தெய்வம் பலசாலியா? ஜீயஸ் எத்தனை விருந்து பார்த்தவர்.

அரைத்தூக்கம்:
உங்கள் ஜீயஸை மட்டையாக்க பீர்கூடத் தேவைப்படவில்லை. இலியட் பதினாலாம் காண்டம். ஹேரா அலங்காரம் செய்துகொண்டு போய் மயக்க, தூக்கத்துக்கு அதிபதியான ஹிப்னோஸ் அவரைத் தூங்க வைத்துவிடுகிறான். அந்த நேரத்தில் போர்க்களமே திசை மாறுகிறது. (என் பெயருக்கு ஏற்ற சாமி என்பதால் இதை நன்றாகப் படித்திருக்கிறேன்.)

அங்கே இன்னொரு சங்கதி. ஹிப்னோஸ் முதலில் மறுக்கிறான். போன தடவை இப்படித்தான் செய்தேன், முழித்துக்கொண்டு என்னைக் கடலில் எறியத் தேடினார், நான் ராத்திரி அம்மாவிடம் ஓடிவிட்டேன், அவளைக் கண்டதும் கோபத்தை அடக்கிக்கொண்டார் என்கிறான். அவள்தான் நிக்ஸ், இரவு. அவள் மனம் கோணும்படி நடக்க ஜீயஸுக்கே தயக்கம். இலியட்டில் சில வரிதான் அவளுக்கு. ஆனால் அந்தச் சில வரியில் பொன் வடம் கொஞ்சம் தளர்ந்துபோகிறது.

மட்டுறுத்துநர்:
விவாதம் நன்றாகப் போகிறது. நம் ஊர்த் தெய்வங்களை இதில் இழுத்து இரண்டு பதிவுகள் வந்தன, எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை வேண்டாம் என்பதும் என் விண்ணப்பம். போன முறை பட்டது போதும்.

நைல்கரை:
அடுப்பு வேலை முடிந்தது. இடிமுழக்கம் கேட்ட பாம்புக்கு வருகிறேன்.

அபோபிஸைக் கொல்லத் தெரியவில்லை என்றீர்கள். எகிப்தியர்கள் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. ரா பாதாளத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் படகில் போகிறார். மூன்றாம் துட்மோஸ் மன்னரின் கல்லறைச் சுவரில் அந்தப் பன்னிரண்டு மணியும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆறாம் மணியில் ரா, இறந்தோரின் அரசர் ஒசிரிஸின் உடலோடு சேர்ந்து புது உயிர் பெறுகிறார். ஏழாம் மணியில் பாம்பு வழி மறிக்கிறது, ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, படகு தரை தட்டுகிறது. ஐசிஸின் மந்திரம் படகை நகர்த்துகிறது. வேறு சில ஏடுகளில் படகின் முனையில் சேத் ஈட்டியோடு நிற்கிறான்.

இதில் மனிதர்களுக்கும் வேலை உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, அபோபிஸை ஒழிக்கும் சடங்கு முழுக்க அதில் வருகிறது. மெழுகில் பாம்பு செய்து, பச்சை மையில் பெயர் எழுதி, எச்சில் துப்பி, இடது காலால் மிதித்து, ஈட்டியால் குத்தி, கத்தியால் வெட்டி, நெருப்பில் போட வேண்டும். இதைக் கோவிலில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒரு நாள் விட்டால் காலை வராமல் போய்விடுமோ என்ற பயம் அந்த ஏட்டின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. ஜீயஸ் ஒரு தடவை போர் செய்து நாற்காலியைப் பிடித்தார், அப்புறம் அதைக் காப்பாற்றுவதே பிழைப்பு. மனைவி மெட்டிஸுக்குப் பிறக்கும் மகன் தன்னைக் கவிழ்ப்பான் என்று கேள்விப்பட்டு அவளையே விழுங்கினவர் அவர். ராவின் நாற்காலி நகரும் நாற்காலி, தினமும் ராத்திரி ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் எப்படிப் போடுவது?

இடிமுழக்கம்:
அக்கா, அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள். ஈட்டியோடு முனையில் நிற்பது சேத். அண்ணன் ஒசிரிஸைக் கொன்ற அதே சேத். அவன் இல்லாவிட்டால் ரா விழுங்கப்படுவார். கொலைகாரனைக் காவலுக்கு வைத்துக்கொள்கிற அரசரைப் பலசாலி என்பீர்களா? ஒசிரிஸைச் சொல்லவே வேண்டாம், கொலையுண்ட தெய்வம். எங்கள் பக்கம் தெய்வம் சாகாது.

உப்புக்கல்:
கிரீட் தீவுக்காரர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். ஜீயஸின் சமாதி எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதற்காகக் கவிஞர் கலிமாக்கஸ் ஒரு துதியிலேயே கிரீட்காரன் என்றால் பொய்யன், உனக்குச் சமாதி கட்டினான், நீயோ சாகவில்லை என்று திட்டினார். வேடிக்கை என்னவென்றால் கலிமாக்கஸ் உட்கார்ந்து எழுதியது எகிப்தில், அலெக்சாண்டிரியாவில்.

சேத் விஷயத்தில் இதைவிட ருசியான ஒன்று இருக்கிறது. ஹோரஸ், சேத் வழக்கு தெரியும்தானே? ஒசிரிஸின் பதவி மகனுக்கா, தம்பிக்கா என்று எண்பது வருஷம் இழுத்த வழக்கு. ஐந்தாம் ராம்சேஸ் காலத்துப் பாப்பிரஸில் இருக்கிறது. தீர்ப்பு ஹோரஸுக்கு. தோற்ற சேத்தை என்ன செய்வது? ரா சொல்கிறார், அவனை என்னிடம் விடுங்கள், என் பிள்ளையாக இருக்கட்டும், வானத்தில் இடி முழங்கட்டும், எல்லோரும் அவனுக்குப் பயப்படட்டும். ஆக எகிப்தில் இடி சேத்தின் கையில். கிரேக்கர்கள் வந்து பார்த்துவிட்டு, சேத்துக்குத் தங்கள் மொழியில் என்ன பெயர் வைத்தார்கள்? டைஃபோன். ஜீயஸ் எந்த அரக்கனை இடியால் அடித்தாரோ, அந்தப் பெயரை எகிப்தின் இடிக்காரனுக்கு வைத்துவிட்டார்கள். இடிமுழக்கம் நண்பரே, எகிப்தில் பிறந்திருந்தால் நீங்கள் சேத் கட்சி.

மூன்றாம்மாடி:
எண்பது வருஷ வழக்கு. வாய்தா வாங்கியது யார்?

நைல்கரை:
நீதிபதியே! தலைமை வகித்த ராவுக்குச் சேத் மேல் சாய்வு, படகில் ஈட்டி பிடிக்கிறவன் அல்லவா. நடுவில் பாபா என்ற தெய்வம் எழுந்து, உம் சன்னிதி காலி என்று சொல்லிவிட்டது, அதாவது உம்மை யாரும் கும்பிடுவதில்லை என்று. ரா கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுத்துக்கிடந்தார். மகள் ஹாத்தோர் வந்து அவர் முன்னால் ஆடையைத் தூக்கிக் காட்ட, சிரித்துவிட்டு எழுந்து வந்தார். நான் வகுப்பில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

அதே வழக்கில்தான் ஒசிரிஸைப் பற்றி இடிமுழக்கத்துக்குப் பதில் இருக்கிறது. இழுபறி தாங்காமல் தெய்வங்களின் எழுத்தர் தோத் பாதாளத்துக்குக் கடிதம் எழுதுகிறார். ஒசிரிஸ் முதலில் மரியாதையாகத்தான் பதில் போடுகிறார், வாற்கோதுமையும் கோதுமையும் விளைவித்துத் தெய்வங்களுக்குச் சோறு போட்டவன் நான், என் மகனுக்கு ஏன் அநியாயம் என்று. ரா எகத்தாளமாக, நீ பிறக்காவிட்டாலும் கோதுமை விளைந்திருக்கும் என்று எழுதுகிறார். இரண்டாம் கடிதத்தில் ஒசிரிஸின் குரல் மாறுகிறது. நான் இருக்கும் நாடு கொடிய முகமுள்ள தூதர்களால் நிறைந்தது. அவர்கள் எந்தத் தெய்வத்துக்கும் பயப்பட மாட்டார்கள். அனுப்பினால், தப்பு செய்தவன் யாராக இருந்தாலும் நெஞ்சைப் பிடுங்கி வருவார்கள். தெய்வமும் மனிதனும் கடைசியில் மேற்கே என்னிடம்தானே வந்தாக வேண்டும்? அவ்வளவுதான், சபை உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. செத்தவர் கடிதம் போட்டே ஜெயித்தார்.

கூழாங்கல்:
இந்தக் கடித விஷயம் பிரமாதம். பையனிடம் சொன்னேன். "அப்போ ஹேடிஸும் ஒசிரிஸும் சண்டை போட்டா?" என்கிறான்.

அரைத்தூக்கம்:
ஹேடிஸுக்குப் பங்கு பிரித்ததில் கீழ்வீடு விழுந்தது. மூன்று அண்ணன் தம்பி சீட்டுப் போட்டார்கள், ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், இவருக்குப் பாதாளம். ஒசிரிஸிடம் செத்தவனுக்கு விசாரணை உண்டு, நெஞ்சை உண்மைக்குத் தெய்வமான மாஅத்தின் இறகோடு எடை போடுவார்கள். ஹோமர் காட்டும் ஹேடிஸ் வீட்டில் பெரும்பாலானவர்களுக்கு அதுகூடக் கிடையாது, நிழலாக அலைய வேண்டியதுதான். நான் ஒசிரிஸ் பக்கம்.

இடிமுழக்கம்:
சரி, ஒசிரிஸ் கடிதத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் ஜீயஸை 'நாற்காலியைக் காப்பாற்றுகிறவர்' என்று சுருக்கியதை ஏற்க மாட்டேன். பதினாறாம் காண்டம் படியுங்கள். சொந்த மகன் சார்பிடான் சாகப்போகிறான். தூக்கிக் காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் யோசிக்கிறார். அவரால் முடியாது என்று யாரும் சொல்லவில்லை! ஹேரா சொல்வது, செய், ஆனால் நாங்கள் ஒப்ப மாட்டோம், நாளைக்கு ஒவ்வொரு தெய்வமும் தன் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கும் என்றுதான். அவர் மகனை விட்டுக்கொடுக்கிறார். அவன் சாகப்போகும் மண்ணில் ரத்தத் துளியாக மழை பெய்கிறது. முடிந்தும் செய்யாமல் இருந்தார் பாருங்கள், எனக்கு அது பொன் வடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் எகிப்தில் இப்படி ஓர் இடம் காட்டுங்கள்.

நைல்கரை:
இந்தப் பதிவுக்கு எதிர்ப்பதிவு போட மாட்டேன். அந்த இடம் எனக்கும் பிடிக்கும்.

உப்புக்கல்:
பயத்தை வைத்து அளந்தால், தெய்வங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஓர் ஆள் எகிப்தில் இருக்கிறான். நிஜமாகவே சாப்பிடுகிறான். சக்காராவில் ஊனஸ் மன்னரின் பிரமிடு, சுமார் 4300 வருஷம் பழையது. உள்ளே சுவரில் எழுதியிருக்கிறது, செத்த மன்னர் வானம் போய்த் தெய்வங்களைப் பிடித்துச் சமைத்துத் தின்கிறார். பெரிய தெய்வங்கள் காலைச் சாப்பாட்டுக்கு, நடுத்தரம் மாலைக்கு, சின்னது ராத்திரிக்கு. கிழத் தெய்வங்கள் அடுப்பெரிக்க. இது ஜீயஸும் ராவும் சேர்ந்து வந்தாலும் தாங்குமா?

மூன்றாம்மாடி:
மூன்று வேளையும் சாமி. நான் ஊனஸ் கட்சி.

உப்புக்கல்:
விளையாட்டாகச் சொன்னாலும், பழைய காலத்து ஆட்கள் இந்தக் கேள்வியை நம்மைவிட எளிதாக முடித்துவிட்டார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எகிப்துக்குப் போனபோது அமூன் யார் என்று கேட்டால், எங்கள் ஜீயஸ்தான் என்று எழுதிவிட்டார். அங்கே கேட்டதாக ஒரு கதையும் சொல்கிறார். ஹெரக்கிளிஸ் ஜீயஸை நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தானாம். காட்ட விருப்பமில்லாத ஜீயஸ் ஓர் ஆட்டுக்கடாவை உரித்து, அதன் தலையை முகத்துக்கு முன்னால் பிடித்து, தோலைப் போர்த்திக்கொண்டு தரிசனம் கொடுத்தாராம். அதனால்தான் அமூனுக்கு ஆட்டுத் தலை என்று தீப்ஸ்காரர்கள் சொன்னார்களாம். கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து சிவா (Siwa) என்ற சோலையில் அமூனின் குறி கேட்கப் போனார். அவர் இறந்த பிறகு தளபதி லைசிமாக்கஸ் அடித்த காசில் அலெக்சாந்தருக்கு ஆட்டுக்கொம்பு முளைத்திருக்கிறது, ஜீயஸ் அம்மோன் பிள்ளை என்று காட்ட. அந்தச் சுருள் கொம்பு மாதிரி இருந்ததால்தான் அம்மோனைட் புதைபடிவத்துக்கு அந்தப் பெயர்.

யார் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்த்தால் இரண்டு பேருமே இல்லை, ஐசிஸ். இத்தாலியின் பழைய ஊர் பாம்பேயில் (Pompeii) கோவில். லண்டனில் கிடைத்த ரோமானியர் காலக் குடுவை ஒன்றில் ஐசிஸ் கோவில் அருகே என்று கீறியிருக்கிறது. செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்திலும் அவளுக்குக் கோவில். தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்த அதே பெரெனிகே. நம்ம ஊர் வியாபாரி யாராவது அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பார், செருப்பைக் கழற்றினாரா தெரியாது. நமக்குத் தெரிந்த கடைசி சித்திர எழுத்துக் கல்வெட்டும் எகிப்தின் ஃபிலே தீவில் ஐசிஸ் கோவிலில்தான், கி.பி. 394.

இடிமுழக்கம்:
அப்படி ஒன்றாகக் கலந்துவிட்டால் விவாதம் எதற்கு? அமூன் வேறு, ஜீயஸ் வேறு. ஒருவர் பெயருக்கே மறைந்திருப்பவர் என்று பொருள், இன்னொருவர் எங்கே போனாலும் ஊரைக் கூட்டுகிறவர். ஹெரடோட்டஸுக்கு ஊர் சுற்றின களைப்பு.

நைல்கரை:
இதில் நான் இடிமுழக்கம் கட்சி. ஒன்றாக்கினால் இரண்டின் ருசியும் போய்விடும். ஒரு வித்தியாசம் பாருங்கள். இறந்தோர் நூல் 175ஆம் பகுதியில் ஆதும் ஒசிரிஸிடம் சொல்கிறார், நான் படைத்ததையெல்லாம் ஒரு நாள் அழித்துவிடுவேன், இந்த நிலம் பழையபடி ஆதி வெள்ளமாகிவிடும், நானும் நீயும் மட்டும் மனிதர் அறியாத, தெய்வங்கள் காணாத பாம்பாக மிஞ்சுவோம். தெய்வங்களே இல்லாமல் போகும் நாளைப் பற்றித் தெய்வமே அமைதியாகப் பேசுகிறது. ஜீயஸ் அப்படிப் பேசி நான் படித்ததில்லை.

கூழாங்கல்:
பையனுக்கு ஏழாயிரம் ஜாடி கதையையும் சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு பேசவில்லை.

இடிமுழக்கம்:
எல்லாம் சரி. பொன் வடத்துக்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். அத்தனை தெய்வமும் ஒரு பக்கம், ஜீயஸ் ஒரு பக்கம். ரா அந்த வடத்தைப் பிடித்தால் என்ன ஆகும்?

நைல்கரை:
ராவிடமும் ஒரு வடம் இருக்கிறது தம்பி. வாயில்களின் நூல் என்று ஒன்று உண்டு. முதலாம் சேத்தி மன்னரின் கல் சவப்பெட்டியில் வெளியும் உள்ளும் அது செதுக்கியிருக்கிறது, பெட்டி இப்போது லண்டனில். பாதாளத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாயில். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே காட்சி திரும்ப வரும். ஆட்டுத் தலையோடு ரா படகில் நிற்கிறார், சுற்றிலும் ஒரு பாம்பு காவலாக வளைந்திருக்கிறது, கூட இரண்டே பேர். படகுக்கு முன்னால் நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அங்கே ரா யாரையும் இழுப்பதில்லை.

மூன்றாம்மாடி:
கூலி?

நைல்கரை:
பாதாளத்தில் இருப்பவர்களுக்கு ரொட்டி, பீர், குளிர்ந்த தண்ணீர். போகிற வழியெல்லாம் படியளந்துகொண்டே போகிறார், சுவரில் எழுதியே இருக்கிறது.